அகன்ற பாதத்துக்கு மலையேறும் சப்பாத்து

பாதம் அகன்றவர்களுக்குச் சப்பாத்துக் கடையில் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு நம்பர் கூட்டி எடுங்கள். தட்டையான வீதியில் நடந்து பஸ் ஏறி இறங்குகிறவருக்கு அதனால் பெரிய கேடு வந்துவிடாது. நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலைக்கு ஏறி, அதே படிகளில் திரும்ப இறங்கப்போகிறவருக்கோ அது காலைக் கெடுக்கிற யோசனை. அகலம் போதாத சப்பாத்தை நீளத்தைக் கூட்டிச் சரிசெய்ய முடியாது. இதைத் தனியாகச் சொல்லவும் வேண்டுமா என்று தோன்றலாம். ஆனால் நம்மூர்க் கடைகளில் சப்பாத்துக்கு ஒரேயொரு நம்பர்தான் உண்டு; அது நீளத்தின் நம்பர். விற்பவரும் வாங்குபவரும் அந்த நம்பரை வைத்தே பேசி முடித்துவிடுகிறார்கள். அகலம் பேச்சுக்கே வருவதில்லை. முதல் தடவையாக மலையேறச் சப்பாத்து வாங்குகிறவர் அகலத்தை முதலிலும் நீளத்தை அதற்குப் பிறகும் பார்க்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயம் சொல்ல வருவது.

மலையகத்தில் இந்த விஷயத்துக்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களில் பலர் வெறுங்காலோடும் பாட்டாவோடும் லயத்துக்கும் தேயிலை மலைக்கும் இடையில் ஏறி இறங்கியே வளர்ந்தவர்கள். மூடிய சப்பாத்து என்றால் அது பள்ளிக்கூட நேரத்துக்கு மட்டும். அப்படி வளர்ந்த பாதம் விரல்கள் விரிந்து, முன்பாதம் அகன்று நிற்கும். இது ஊகம் அல்ல. கிறிஸ்டியான் டவூட் என்ற பெல்ஜிய ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியாவில் வழக்கமாக வெறுங்காலில் நடப்பவர்களின் பாதங்களைச் சப்பாத்துப் பழகிய இந்தியர்களின் பாதங்களோடும் மேற்கத்தியர்களின் பாதங்களோடும் ஒப்பிட்டார்கள். வெறுங்காலில் நடந்தவர்களின் பாதம் ஒப்பளவில் அகலமாக இருந்தது. நடக்கும்போது விழும் அழுத்தமும் பாதம் முழுவதிலும் கூடுதல் சீராகப் பரவியது. அதற்கு முன்னர் 1992இல் ராவ், ஜோசப் என்ற இரு இந்திய மருத்துவர்கள் 2,300 பிள்ளைகளின் பாதங்களைப் பரிசோதித்திருந்தார்கள். சப்பாத்துப் போட்டு வளர்ந்த பிள்ளைகளில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. போடாதவர்களில் அது 2.8 சதவீதம் மட்டுமே. இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், அகன்ற பாதம் என்பது குறைபாடு அல்ல என்று தெளிவாகிறது. நடந்து நடந்து உரமேறிய பாதம் அது. குறைபாடு இருப்பது அதற்குக் கொடுக்கப்படும் சப்பாத்தில்தான். எல்லா அகன்ற பாதத்துக்கும் காரணம் இதுவல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பரம்பரை, உடற்பருமன், பிள்ளைப்பேறு ஆகியவற்றாலும் பாதம் அகலும். காரணம் எதுவானாலும் அளவெடுக்கும் முறை ஒன்றுதான்.

இனி அந்த நம்பரின் கணக்கு. நாம் 7, 8, 9 என்று கேட்டு வாங்குவது பிரித்தானிய அளவுமுறை. அதில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் உள்ள நீள வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீற்றர். 40, 41, 42 என்று போகிற ஐரோப்பிய முறையில் அது 6.7 மில்லிமீற்றர் அளவு. நம்பர் கூடும்போது சப்பாத்தின் அகலமும் கூடத்தான் செய்கிறது. ஆனால் எவ்வளவு? பிரித்தானிய முறையில் ஒரு நம்பருக்கு முன்பாதத்தின் சுற்றளவு கால் அங்குலம், சுமார் 6 மில்லிமீற்றர் கூடும். அடிப்பக்க அகலத்தில் அது இரண்டு மில்லிமீற்றர்தான். அகலத்துக்கென்று தனிப் படிநிலைகள் வைத்துச் சப்பாத்துச் செய்யும் நிறுவனங்களும் ஒரு படிக்கு ஏறத்தாழ அதே கால் அங்குலத்தைத்தான் சுற்றளவில் கூட்டுகின்றன. ஆகவே இரண்டு படி அகலம் தேவைப்படுகிற ஒருவர் அதை நம்பரைக் கூட்டியே பெறப் பார்த்தால், இரண்டு நம்பர் தாண்ட வேண்டும். அப்போது சப்பாத்து 17 மில்லிமீற்றர் வீணாக நீண்டுவிடும். விரல் நுனிக்கு முன்னால் இருக்கவேண்டிய சாதாரண இடைவெளியோடு இதையும் கூட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் வெற்றிடம் வந்துவிடும்.

அந்த வெற்றிடம் என்ன செய்யும் என்பது இறக்கத்தில்தான் தெரியும். சிவனொளிபாதமலை 2,243 மீற்றர் உயரம். ஹட்டன் பக்கத்துப் பாதையில் சுமார் 5,500 படிகள் உண்டு. ஏறும்போது பாதம் சப்பாத்துக்குள் பின்னோக்கி, குதிகால் பக்கமாக அமர்ந்துகொள்ளும். மூச்சு வாங்குமே தவிர, சப்பாத்தின் குறை அவ்வளவாக வெளிப்படாது. இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உடலின் முழுப் பாரமும் பாதத்தை முன்னால் தள்ளுகிறது. நீளம் கூடிய சப்பாத்தில் பாதத்தைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. அது சறுக்கிக்கொண்டு போய், சப்பாத்து ஒடுங்கத் தொடங்கும் இடத்தில் ஆப்புப் போல இறுகி நிற்கும். பெருவிரல் நகம் மேல்தோலில் இடிபடும். சுண்டுவிரல் பக்கவாட்டில் நசுங்கும். அதே வேளையில் குதிகால் தளர்ந்து, தூக்கித் தூக்கி உரசும். மலையிலிருந்து இறங்கிய மறுநாள் நகம் கறுத்துப்போவதும், குதிகாலில் கொப்புளம் வெடிப்பதும் இந்த ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள். போதாததற்கு, நம்பர் கூடிய சப்பாத்தில் சப்பாத்து மடிய வேண்டிய இடமும் பாதம் மடிகிற இடமும் வேறு வேறாகிவிடுகின்றன. பெருவிரலின் அடிமூட்டில் மடியவேண்டியது அதற்கு முன்னால் எங்கோ மடிகிறது. ஏற்றத்தில் வரும் வீண் களைப்புக்கு இதுவும் ஒரு காரணம். படி விளிம்பில் நீண்ட மூக்கு தட்டுப்பட்டுத் தடுக்கி விழுவது இன்னொரு ஆபத்து; விடியற்காலை இருட்டில், கூட்டத்தோடு கூட்டமாக நடப்பவருக்கு அது சின்ன ஆபத்து அல்ல.

எனவே கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே காலை அளந்துகொள்ளுங்கள். பின்னேரம் அளப்பது நல்லது. நாள் முழுதும் நின்று நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அது அப்படித்தான் வீங்கும். மலைக்குப் போடப்போகிற அதே மேஸைப் போட்டுக்கொண்டு, சுவரில் குதிகால் முட்ட ஒரு வெள்ளைத் தாளின்மேல் நில்லுங்கள். உட்கார்ந்தபடி அளக்கக்கூடாது, பாரம் விழும்போதுதான் பாதம் தன் உண்மையான அகலத்துக்கு விரியும். இன்னொருவரைக் கொண்டு பென்சிலை நேர்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போடச் செய்யுங்கள். சுவரிலிருந்து மிக நீண்ட விரலின் நுனிவரை நீளம். பெருவிரலின் அடிமூட்டுப் புடைப்பிலிருந்து சுண்டுவிரலின் அடிமூட்டுப் புடைப்புவரை அகலம். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலின் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். 250 மில்லிமீற்றர் நீளமுள்ள பாதம் 105 மில்லிமீற்றர் அகலமாக இருந்தால், சாதாரண வார்ப்பில் செய்த சப்பாத்து அதற்குப் போதாது என்று முன்கூட்டியே முடிவுசெய்துவிடலாம். நீளத்தையும் அகலத்தையும் சேர்த்தே மில்லிமீற்றரில் எழுதும் ஓர் அளவுமுறை உலகில் இருக்கிறது. மொண்டோபொயின்ற் என்ற அந்த முறையை இராணுவச் சப்பாத்துகளுக்கும் பனிச்சறுக்குச் சப்பாத்துகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். பாதத்தை உள்ளபடி மதிக்கிற முறை அதுதான். மற்றச் சப்பாத்துகளுக்கும் அது வராமல் போனது வாங்குகிறவர்களுக்கு நட்டம்.

கோடு போட்ட அந்தத் தாளைக் கடைக்குக் கொண்டுபோங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பிடித்த சப்பாத்தின் உள்ளே கிடக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, அதன்மேல் குதிகாலைப் பின்விளிம்போடு பொருத்தி நில்லுங்கள். குனிந்து பாருங்கள். சுண்டுவிரலும் அதற்குக் கீழே உள்ள சதையும் இன்சோலின் விளிம்பைத் தாண்டி வெளியே பிதுங்கி நின்றால், அந்தச் சப்பாத்தின் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது உங்களுடையது அல்ல. போட்டுப் பார்க்கும்போது இந்தக் குறை தெரியாமல் போகக்கூடும். புதிய சப்பாத்தின் மென்மையான உட்துணி சில நிமிடங்களுக்குப் பாதத்தை ஏமாற்றும். இன்சோல் ஏமாற்றாது. இதில் தேறிய பிறகுதான் நீளம்: விரல் நுனிக்கு முன்னால் சுமார் 10 முதல் 12 மில்லிமீற்றர் இடம் இருக்கவேண்டும். பிறகு லேஸைக் கட்டி, கடையில் படி இருந்தால் படியிலும், இல்லாவிட்டால் வாசலில் உள்ள சரிவிலும் நாலைந்து தடவை இறங்கிப் பாருங்கள். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் சரிவில்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்கவேண்டும், ஆகவே இது கஷ்டமான பரிசோதனை அல்ல. விரல் நுனி முன்னால் இடித்தால் சப்பாத்து சின்னது. குதிகால் தூக்கினால் அதன் பின்பக்கம் உங்களுக்குப் பெரிது.

முன்பக்கம் அகலம், பின்பக்கம் இறுக்கம். தேடவேண்டிய வடிவம் இதுதான். விரல் வைக்கும் பகுதி கூராக ஒடுங்காமல், பாதத்தின் இயல்பான விசிறி வடிவத்தில் இருக்கவேண்டும். நியூ பேலன்ஸ் போன்ற நிறுவனங்கள் ஒரே நீளத்தில் 2ஈ, 4ஈ என்று அகலப் படிகள் வைத்துச் சில மாதிரிகளைச் செய்கின்றன. எழுத்து கூடக்கூட அகலமும் கூடும். மெரல் நிறுவனத்தின் மோஆப் என்ற நடைச்சப்பாத்து அகல வார்ப்பிலும் வருகிறது. ஆல்ட்ரா, கீன் ஆகியவை விரல்பகுதியை அகலமாக வைப்பதற்குப் பெயர்பெற்றவை. இவற்றையே வாங்கவேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. பெட்டியில் எதைத் தேடிப் படிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். பெண்களுக்கு இன்னொரு வழி உண்டு. பெண்களுக்கென்று செய்யும் சப்பாத்து பொதுவாக ஒடுக்கமான வார்ப்பில் வருவதால், அதே நீளத்தில் ஆண்களின் மாதிரியைப் போட்டுப் பார்த்தால் அகலம் கிடைத்துவிடும். ஆனால் குதிகால் பகுதியும் சேர்ந்து அகன்றிருக்கும். சரிவில் இறங்கிப் பார்க்காமல் அதை வாங்கக்கூடாது. கொழுந்து பறிக்கிற வேலையில் நாள் முழுதும் சரிவில் நின்ற பெண்களின் பாதத்தைக் கடைக்காரர் ‘லேடீஸ் சைஸ்’ என்று ஒரு ராக்கையோடு முடித்துவிட விடாதீர்கள்.

இதற்கு எதிராகக் கடையில் முதலில் சொல்லப்படுவது, போடப்போடத் தளரும் என்பது. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. உட்துணி இல்லாத மெல்லிய தோல் பக்கவாட்டில் ஓரளவு இளகும். செயற்கைத் துணியும் ரெக்சினும் அவ்வளவாக இளகுவதில்லை. மேல்தோல் எவ்வளவு இளகினாலும், அடித்தட்டு ஒரு மில்லிமீற்றர்கூட அகலாது. விரலுக்கு முன்னால் வைத்துத் தைத்த கடினமான மூக்குத் தகடும் அகலாது. அடித்தட்டைவிட அகன்ற பாதம் அதன் விளிம்பைத் தாண்டி மேல்தோலின்மீது ஏறி நிற்கும். அப்படிப் பாவித்த சப்பாத்தை எடுத்துப் பாருங்கள்: வெளிப்புறத்தில், சுண்டுவிரலின் அடிமூட்டுக்கு நேரே தோல் முதலில் வெளுத்து, பிறகு மடிப்பு மடிப்பாக வெடித்து, கடைசியில் அடித்தட்டோடு ஒட்டிய இடத்தில் பசை விட்டுக் கிழிந்திருக்கும். சப்பாத்து தரமில்லை என்று நாம் அதைத் தூக்கிப் போடுகிறோம். பல நேரங்களில் அது தரக்குறைவு அல்ல, அளவுக்குறைவு.

பாறையேறும் விளையாட்டுக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தளரும் கணக்கு வேறுவிதமாகப் பொருந்தும். கயிறு கட்டிப் பாறையில் ஏறுவதற்கான சப்பாத்து வேறு இனம். பாதத்தோடு ஒட்டி நிற்கவேண்டும், விரல்முன் வெற்றிடம் கூடாது, அடியில் வழவழப்பான ஒட்டும் ரப்பர்தான் இருக்கும். அதனால் எவ்வளவு வலிக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற பேச்சு அங்கே பரவியிருக்கிறது. தொடங்குகிறவர் அதை நம்பக்கூடாது. வளைவில்லாத தட்டை வார்ப்பில், விரல்கள் மடங்காமல் முன்விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிற சப்பாத்துப் போதும். அகன்ற பாதத்துக்கு வெல்குரோ பட்டியைவிட லேஸ் நல்லது, ஏனெனில் முன்பாதத்தில் தளர்த்தி மேலே இறுக்கலாம். உட்துணியில்லாத தோலும் இங்கே உதவும். 1991இல் வந்த லா ஸ்போர்ட்டிவா நிறுவனத்தின் மிதோஸ் இன்றும் அகன்ற பாதத்தினர் நாடுகிற சப்பாத்தாக இருப்பதற்கு அந்தத் தோலும், குதிகாலைச் சுற்றிப் போகும் அதன் லேஸும் காரணம். கொரியாவின் புட்டோரா சில மாதிரிகளை அகலம், ஒடுக்கம் என இரு வார்ப்பில் தருகிறது. ஆனால் இந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பாறையடிவரை நடந்து போகக்கூடாது. அதன் ரப்பர் நடைக்குச் செய்ததல்ல. நமது ஒற்றையடிப் பாதையின் சல்லிக்கல்லில் வீணாகத் தேய்ந்துவிடும்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. பாட்டன் பாட்டி வெறுங்காலிலேயே மலையேறிச் சாமி கும்பிட்டார்கள், இன்றும் பலர் அப்படித்தான் போகிறார்கள், சப்பாத்து எதற்கு? மேலே சொன்ன ஆய்வுகளே வெறுங்காலின் பக்கம்தானே பேசுகின்றன? பேசுகின்றன, அதை மறைக்கத் தேவையில்லை. வாழ்நாள் முழுதும் வெறுங்காலில் நடந்த பாதம் வெறுங்காலிலேயே ஏறலாம். நேர்த்திக்காக அப்படி ஏறுகிறவரிடம் சப்பாத்தைப் பற்றிப் பேசுவது முறையும் அல்ல. ஆனால் கொழும்பில் கடையிலோ கார்மென்ட்ஸிலோ பத்து வருடம் வேலைசெய்துவிட்டுத் திருவிழாவுக்கு ஊர் திரும்புகிறவரின் உள்ளங்கால் தோல் பாட்டியின் தோல் அல்ல. கொங்கிரீட் படியின் விளிம்பும், நடுச்சாமக் குளிரும், ஈரத்தில் அட்டையும் அவருக்கு வேறாகத்தான் படும். நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலில் ஏறவே கூடாது. பாதம் மரத்திருந்தால் வெட்டுக் காயம்கூடத் தெரியாமல் போய்விடும். உண்மையில் அந்த ஆய்வுகள் சப்பாத்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதத்தை அதன் வடிவத்தில் விட்டுவைக்கிற பாதணி வேண்டும் என்றே அவற்றிலிருந்து கொள்ளவேண்டும். ராவும் ஜோசப்பும் பார்த்த பிள்ளைகளிலும் தட்டைப் பாதம் கூடுதலாக இருந்தது மூடிய சப்பாத்துப் போட்டவர்களிடம். செருப்புப் போட்டவர்களிடம் அது குறைவு.

அந்த வழியில் போனால், மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரையிலான யாத்திரைக் காலத்தில், மழை இல்லாத நாளில், குதிகாலுக்குப் பட்டி உள்ள நல்ல விளையாட்டுச் செருப்பு அகன்ற பாதத்துக்கு நியாயமான தெரிவு. அதன் பட்டிகளைத் தனித்தனியே தளர்த்தி இறுக்கலாம், சுண்டுவிரலுக்குச் சுவர் இல்லை. உச்சியில் கோயிலுக்குள் போகுமுன் பாதணியைக் கழற்றத்தான் வேண்டும். விறைத்த கையால் லேஸோடு மல்லுக்கட்டும் வேலையும் மிச்சம். பாட்டாவுக்கு இது பொருந்தாது. விரலிடுக்கில் மட்டும் பிடித்த செருப்பு இறக்கத்தில் முன்னால் வழுகும். அதைப் பிடித்து வைக்க விரல்கள் ஆயிரக்கணக்கான தடவை மடங்க வேண்டும். மழைக்கால வேலைக்குப் போடுகிற ரப்பர் பூட்ஸும் மலைப்பயணத்துக்கு ஆகாது. அகலம் தாராளம்தான், ஆனால் குதிகாலைப் பிடிக்காது.

அகலமான சப்பாத்து வழுக்கும், பாறையில் பிடிமானம் இருக்காது என்பதும் ஒரு பயம். லொடலொடப்பான சப்பாத்துக்கு அது உண்மை. அகலமான சப்பாத்துக்கு அல்ல. பாதத்தைப் பிடித்து வைப்பது குதிகால் கிண்ணமும் புறங்காலின்மேல் கட்டிய லேஸும்தான், விரல்களை நெரிக்கிற சுவர் அல்ல. விரிந்து தரையைத் தொடுகிற விரல்கள் சமநிலைக்கு உதவுகின்றன. ஈரக்கல்லில் வழுக்குவதும் வழுக்காததும் அடித்தட்டின் ரப்பரைப் பொறுத்தது. நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்குகிற மெதுவான ரப்பர் பிடிக்கும். பளபளக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் பாசிபடிந்த படியில் வழுக்கும். செம்மண் பாதைக்குப் பற்கள் ஆழமாக, இடைவெளி விட்டு இருக்கவேண்டும்.

காசு விஷயத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. வெளிநாட்டு மலைச்சப்பாத்து ஒன்று அந்தக் கணக்கில் இருபது நாள் உழைப்பைத் தாண்டுவது சாதாரணம். அப்படியொரு குடும்பத்தைப் பார்த்து, வருடத்துக்கு ஒரு தடவை ஏறுகிற மலைக்காக அதை வாங்கச் சொல்வது அநியாயம். அவர்களுக்கு மேலே சொன்ன பட்டிச் செருப்போ, அகல வார்ப்பில் கிடைக்கிற உள்ளூர் ஓட்டச் சப்பாத்தோ போதும். இன்சோல் பரிசோதனைக்குக் காசு செலவில்லை. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும், 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ நடைபாதையில் வழிகாட்டியாக வேலைசெய்ய நினைக்கிற இளைஞரின் கணக்கு வேறு. அவருக்குச் சப்பாத்து ஒரு தொழிற்கருவி. அளவு தப்பிய மூன்று மலிவுச் சப்பாத்துகளுக்குப் போகும் காசை ஒன்றில் போடுவதே அவருக்கு இலாபம். பாவித்த சப்பாத்து வாங்குவதிலும் தவறில்லை, அடித்தட்டின் தேய்மானத்தைப் பார்த்து வாங்கினால். வெளிவிளிம்பு மட்டும் சாய்வாகத் தேய்ந்த சப்பாத்து முன்னைய ஆளின் நடைக்கு வளைந்துபோனது; அதை விட்டுவிடுங்கள்.

கடைசியாக லேஸ். புதிதாக வாங்கினாலும் பழையதானாலும், அகன்ற பாதத்துக்கு லேஸ் கட்டுகிற முறையாலேயே சில மில்லிமீற்றர் இடம் கிடைக்கும். முன்பாதம் மிக அகன்றிருக்கும் இடத்துக்கு நேரே உள்ள துளைகளில் குறுக்காகக் கோக்காமல், அந்தந்தப் பக்கத்திலேயே நேராக மேலே கொண்டுபோங்கள். அந்த இடத்தில் அழுத்தம் விலகிவிடும். மேலே கணுக்காலுக்குப் பக்கத்தில் உள்ள கடைசி இரண்டு துளைகளில் இருபக்கமும் ஒவ்வொரு வளையம் விட்டு, எதிர்ப்பக்க நுனியை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் அசையாது. ஏறும்போது இந்த மேல்முடிச்சைச் சற்றுத் தளர்த்தியே வைத்திருக்கலாம். உச்சியில் கும்பிட்டுவிட்டுச் சப்பாத்தை மறுபடி போடும்போது, குதிகாலைப் படியில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னால் அமர்த்தி, அதன் பிறகு மேல்முடிச்சை இறுக்கமாகக் கட்டிக்கொண்டு இறங்கத் தொடங்குங்கள்.